பி.ஏ. பட்டம் கைக்கு வர என்னென்ன முடித்திருக்க வேண்டும்: நெல்லைச் சீமை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூன் மாதக் காலையில், ஆலங்குளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி எங்கள் துறை அறைக்குள் வந்து, பாலித்தீன் உறையிலிருந்து ஆறு மதிப்பெண் பட்டியல்களை எடுத்து என் மேசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக விரித்து வைத்தாள். அம்மா பீடி சுற்றி அனுப்பிய பணத்தில் படித்த பெண். வரலாற்றுப் பாடங்கள் அனைத்திலும் அறுபதுக்கு மேல் வாங்கியிருந்தாள். "எல்லா பேப்பரும் பாஸாயிட்டேம்லா சார், பொறவு ஏன் ப்ரொவிஷனல் இல்லங்காவ?" என்று தற்காலிகச் சான்றிதழைப் பற்றிக் கேட்டாள். நான் பட்டியல்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், முதலாண்டுத் தாளில் ஒரு வரியில் விரலை வைத்தேன். சுற்றுச்சூழல் கல்வி என்ற பாடத்துக்கு நேரே 'வரவில்லை' என்று குறிக்கப்பட்டிருந்தது. தேர்வுச் சமயத்தில் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. மற்ற தாள்களைப் பின்னால் எழுதி முடித்துவிட்டாள். இது மேஜர் என்னும் முதன்மைப் பாடம் இல்லையே, அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று இரண்டு ஆண்டு விட்டுவிட்டாள். ஒவ்வொரு பாடத்திலும் தேறினால் சேரும் எடைப்புள்ளிகளைத்தான் கிரெடிட் என்கிறார்கள். தேவை 140 கிரெடிட், அவளிடம் இருந்தது 138.

அந்த இரண்டு கிரெடிட்டுக்காக அவள் நவம்பர் வரை காத்திருந்து தேர்வு எழுதினாள். அதற்குள் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கை ஒன்று வந்து போய்விட்டது. தேர்வாணையத் தேர்வுகளுக்கு அறிவிக்கை வெளியாகும் நாளிலேயே கல்வித் தகுதி கையில் இருக்க வேண்டும் என்பது விதி. பிறகு முடித்துத் தருகிறேன் என்பதற்கு அங்கே இடமில்லை. மேஜரில் தேறியவர்கள் சின்னத் தாள் ஒன்றில் சிக்கிக்கொள்வதை அதற்கு முன்னும் பின்னும் பலமுறை பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். பி.ஏ. படிக்கும் பிள்ளைகளும், அவர்களைப் படிக்க அனுப்பிய பெற்றோரும், முடிந்தால் முதல் செமஸ்டரிலேயே இதைப் படித்துவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

பட்டத்தை யார் தருகிறார்கள், கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் 1990-இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. நீங்கள் பாளையங்கோட்டையில் படித்தாலும், ஆழ்வார்குறிச்சியிலோ பாபநாசத்திலோ திருச்செந்தூரிலோ படித்தாலும், பட்டச் சான்றிதழில் இருப்பது அபிஷேகப்பட்டியில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரைதான். வேறுபாடு தேர்வில் இருக்கிறது. தூய சவேரியார் கல்லூரி, சாராள் தக்கர் கல்லூரி, சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்து, தேர்வையும் தாங்களே நடத்தி, முடிவையும் வெளியிட்டு, பட்டத்துக்குரிய பட்டியலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகின்றன. தன்னாட்சி இல்லாத கல்லூரிகளில் வினாத்தாள், விடைத்தாள் திருத்தம், முடிவு எல்லாம் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் பொறுப்பு.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாததால் வீணாகும் அலைச்சல் கொஞ்சமல்ல. மதிப்பெண் பட்டியலில் பிழை என்று தென்காசி பஸ் ஏறி அபிஷேகப்பட்டியில் இறங்கி, வெயிலில் நடந்து உள்ளே போன பிறகு, "உங்க கல்லூரி தன்னாட்சி, அங்கேயே கேளுங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. எனவே முதல் வேலையாக, உங்கள் கல்லூரி எந்த வகை என்பதையும், நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய ஒழுங்குமுறை விதிகளும் பாடத்திட்டமும் எந்தக் கோப்பில் இருக்கின்றன என்பதையும் தெரிந்துகொண்டு, அந்தக் கோப்பைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த ஆண்டு என்பது இங்கே முக்கியம். உங்கள் அக்கா படித்த ஆண்டின் பாடத்திட்டம் உங்களுக்குச் செல்லாது, அடுத்த ஆண்டு சேரும் தம்பிக்கு உங்களுடையதும் செல்லாது.

ஐந்து பகுதிகளும் 140 கிரெடிட்டும்

மூன்றாண்டு பி.ஏ. படிப்பு ஆறு செமஸ்டர்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதன் பாடங்கள் ஐந்து பகுதிகளில் அடங்கும். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் வகுத்துத் தந்து, 2023-24 கல்வியாண்டு முதல் மாநிலப் பல்கலைக்கழகங்களில் நடைமுறைக்கு வந்த மாதிரிப் பாடத்திட்டத்தை வைத்து இங்கே கணக்குச் சொல்கிறேன். பகுதி ஒன்று தமிழ் அல்லது நீங்கள் தேர்ந்தெடுக்கும் வேறு மொழி: முதல் நான்கு செமஸ்டர்களில் மும்மூன்றாக 12 கிரெடிட். பகுதி இரண்டு ஆங்கிலம்: அதற்கும் அதேபோல 12. பகுதி மூன்றுதான் மாணவர்கள் மேஜர் என்றும் அலைட் என்றும் சொல்லும் முதன்மைப் பாடங்களும் விருப்பப் பாடங்களும் சேர்ந்தது: 92 கிரெடிட். பகுதி நான்கில் திறன் மேம்பாட்டுப் பாடங்கள், அடிப்படைப் பாடம், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, உள்ளகப் பயிற்சி முதலியவை வருகின்றன: 22 கிரெடிட். பகுதி ஐந்து நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணி: 2 கிரெடிட். எல்லாம் சேர்ந்து 140. செமஸ்டர் வாரியாகப் பார்த்தால் 23, 23, 22, 25, 26, 21 என்று போகும். தன்னாட்சிக் கல்லூரிகளில் உள்பிரிப்பில் ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். ஐந்து பகுதிகள் என்ற அமைப்பு மாறாது.

இப்போது இந்த வழிகாட்டியின் மையத்துக்கு வருகிறேன். முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்று தீர்மானிக்க எடுத்துக்கொள்ளப்படுபவை முதல் மூன்று பகுதிகளின் மதிப்பெண்கள்தாம். நான்காம் பகுதியும் ஐந்தாம் பகுதியும் வகுப்பை மாற்றாது. ஆனால் அவற்றை முடிக்காதவருக்குப் பட்டமே கிடையாது. வகுப்புக்கு மூன்று பகுதி, பட்டத்துக்கு ஐந்து பகுதி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். "அந்த மார்க்கச் சேக்கவே மாட்டாங்க" என்று சீனியர் ஒருவர் சொன்னதை நம்பி, நான்காம் பகுதித் தேர்வுக்குப் போகாமல் படுத்துத் தூங்கிய பையன்கள் இருக்கிறார்கள். சீனியர் சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் ஆபத்தானது.

இந்தச் சின்னப் பாடங்கள் சும்மா ஒட்டவைத்தவை என்ற எண்ணமும் தவறு. சுற்றுச்சூழல் கல்வி எல்லாப் பட்டப்படிப்புகளிலும் இருப்பதற்குக் காரணம் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. அதைப் பின்பற்றியே பல்கலைக்கழக மானியக் குழு அதைக் கட்டாயப் பாடமாக்கியது. தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஒரு மாணவர், அந்த ஆற்றில் எது கலக்கிறது என்று இரண்டு கிரெடிட் அளவுக்காவது படிப்பது அவசியம் என்றே நான் கருதுகிறேன்.

2022 மார்ச் 1-இல் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளும் இப்போது கிரெடிட்டோடு பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டன. அவற்றின் வகுப்பும் மதிப்பீடும் பெரும்பாலும் இணையம் வழியாக நடப்பதால், பதிவு செய்த கைபேசி எண்ணை மாற்றிவிட்டு, வரும் செய்தி எதையும் பார்க்காமல் இருந்துவிட்டுக் கடைசியில் முழிப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்கள். மூன்றாண்டும் ஒரே எண்ணை வைத்திருங்கள்.

மொழிப் பாடத்தில் ஒரு கண்ணி

பகுதி ஒன்றில் தமிழ் எடுப்பவர்களுக்குச் சிக்கல் ஏதும் இல்லை. அரபு, இந்தி, பிரெஞ்சு போன்ற வேறு மொழி எடுப்பவர்கள்தாம் கவனிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழே படிக்காமல், கல்லூரியிலும் வேறு மொழி எடுத்தவர்கள், நான்காம் பகுதியில் அடிப்படைத் தமிழ் என்ற இரண்டு தாள்களை எழுதியாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுத்தவர்களுக்குச் சிறப்புத் தமிழ் இரண்டு தாள்கள். மற்றவர்கள் அந்த இடத்தில் வேறு துறை வழங்கும் விருப்பப் பாடத்தைப் படிக்கலாம். மேலப்பாளையத்திலிருந்து வந்து அரபு எடுத்த ஒரு மாணவர், நண்பர்களோடு சேர்ந்து வேறு துறைப் பாடத்துக்குப் பெயர் கொடுத்து, அதில் எழுபது மதிப்பெண்ணும் வாங்கி, அது தனக்குரிய பாடமே அல்ல என்று மூன்றாம் ஆண்டில் அறிந்தார். பெயர் எழுதிக்கொண்ட அலுவலகம் அன்றே பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆகவே நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதாகிறது.

தமிழைப் பகுதி ஒன்றில் எடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் 12 கிரெடிட்டும் வகுப்பைத் தீர்மானிக்கும் கணக்கில் சேருகின்றன. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மூலமான மனோன்மணீயத்தை 1891-இல் வெளியிட்ட சுந்தரம் பிள்ளையின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்தில், தமிழ்த் தாளை முந்தின நாள் இரவு மட்டும் புரட்டிவிட்டுப் போகும் பழக்கம் எனக்கு மனவருத்தம் தருவது.

தேர்ச்சி என்றால் நாற்பது மட்டும் அல்ல

ஒரு தாளின் நூறு மதிப்பெண்ணில் 25 இன்டர்னல் எனப்படும் அகமதிப்பீடு, 75 செமஸ்டர் தேர்வு. மொத்தத்தில் நாற்பது வேண்டும். அதோடு செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக நாற்பது விழுக்காடு, அதாவது 75-க்கு 30 வேண்டும். இன்டர்னலில் 22 வாங்கிய ஒருவர் செமஸ்டர் தேர்வில் 27 எடுத்தால் மொத்தம் 49 வருகிறது. பட்டியலில் அந்த 49 நன்றாகத்தான் தெரியும், ஆனால் அவர் அந்தத் தாளில் தேறவில்லை. இன்டர்னல் கைவசம் இருக்கிறது, பதினெட்டு எடுத்தால் போதும் என்று கணக்குப் போடுபவர்கள் இதை முதலில் மறந்துவிட வேண்டும்.

வகுப்பைக் கணக்கிடும் முறையையும் பலர் தவறாகப் போடுகிறார்கள். மதிப்பெண்களைக் கூட்டித் தாள்களின் எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது; ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அந்தத் தாளின் கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும். உதாரணமாக, ஐந்து கிரெடிட் உள்ள பொருளியல் முதன்மைத் தாளில் 48, மூன்று கிரெடிட் உள்ள தமிழில் 74 என்று வைத்துக்கொள்வோம். நேரடியாகச் சராசரி போட்டால் 61, முதல் வகுப்பு என்று தோன்றும். கிரெடிட்டோடு பெருக்கினால் 240, 222, கூட்டினால் 462, எட்டால் வகுத்தால் 57.75. இது இரண்டாம் வகுப்பு. அறுபது விழுக்காடும் அதற்கு மேலும் முதல் வகுப்பு, ஐம்பதும் மேலும் இரண்டாம் வகுப்பு, நாற்பதும் மேலும் மூன்றாம் வகுப்பு என்பது வழக்கமான பிரிவு. ஐந்து கிரெடிட் தாள் ஒன்றில் விட்ட மதிப்பெண்ணை மூன்று கிரெடிட் தாளில் ஈடுகட்டுவது எளிதல்ல என்பது ஒருமுறை போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும்.

ஆசிரியர் ஆக விரும்பும் பிள்ளைகள் இன்னொன்றும் அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கைக்குப் பட்டப்படிப்பின் மூன்றாம் பகுதி மதிப்பெண்களை மட்டுமே பார்க்கிறார்கள். பொதுப்பிரிவினர் 50, பிற்படுத்தப்பட்டோர் 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 43, பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் 40 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். மொழிப் பாட மதிப்பெண் அங்கே கைகொடுக்காது.

வருகைப்பதிவு

ஒரு செமஸ்டருக்குத் தொண்ணூறு வேலைநாள். அதில் 75 விழுக்காடு என்றால் 68 நாள் வகுப்பில் இருக்க வேண்டும். விடக்கூடியது 22 நாள். இது கேட்பதற்கு நிறைய போலத் தெரியும். நம் ஊர்ப்பக்கத்தில் அது கரையும் விதத்தைப் பாருங்கள். குலதெய்வம் கோயிலில் கொடைத் திருவிழா என்றால் முன்னும் பின்னுமாக மூன்று நாள் போகும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கினால் நான்கைந்து நாள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில். வீட்டில் ஒரு கல்யாணம், வாழை அறுப்பு, இரண்டு நாள் காய்ச்சல். இவற்றில் எதையும் தவறு என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலும் கொடைக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆனால் எத்தனை நாள் போயிற்று என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து வருவதற்குள் முதல் மணிநேரம் போய்விடும் களக்காடு, ராதாபுரம் பக்கத்து மாணவர்கள், தங்கள் கல்லூரியில் வருகை நாள் கணக்கா மணிக் கணக்கா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

75-க்குக் கீழே போய் 65-க்கு மேல் இருப்பவர்கள் மருத்துவச் சான்றும் உரிய கட்டணமும் செலுத்தி, முதல்வரின் பரிந்துரையோடு விலக்குப் பெறுவது வழக்கமாக இருக்கும் வழி. அதற்கும் கீழே போனால் அந்தத் தேர்வை அப்போது எழுத முடியாது. பாதிக்கும் கீழே போனால் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டியதுதான். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றே சீட்டு வாங்கி வையுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தேடிப்போய் வாங்கும் சான்றை எந்தக் கல்லூரியும் விரும்பி ஏற்பதில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு

நான் என் வகுப்பு மாணவர்கள் ஒவ்வொருவரிடமும் முதல் செமஸ்டர் முடிவு வந்ததும் செய்யச் சொல்லும் வேலை ஒன்று உண்டு. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, பக்கத்துக்கு ஒரு செமஸ்டர் என்று ஒதுக்கி, ஐந்து கட்டம் கோடு போட வேண்டும். முதல் கட்டத்தில் பாடக் குறியீட்டு எண், இரண்டாவதில் பாடத்தின் பெயர், மூன்றாவதில் எந்தப் பகுதி, நான்காவதில் கிரெடிட், ஐந்தாவதில் தேறிய மாதமும் ஆண்டும். பாடத்திட்டக் கோப்பைப் பார்த்து முதல் நான்கு கட்டங்களையும் ஆறு செமஸ்டருக்கும் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். ஐந்தாம் கட்டம் மட்டும் முடிவு வர வர நிரம்பும். பக்கத்தின் அடியில் அந்த செமஸ்டருக்குரிய கூட்டுத்தொகை, அதற்கு எதிரே தேறிய கூட்டுத்தொகை.

பாடக் குறியீட்டு எண்ணை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், தேர்வுக் கட்டணம் கட்டும் படிவத்தில் பிழைகள் நுழைவது அங்கேதான். ஓர் எழுத்து மாறினால் வேறு ஆண்டுப் பாடத்திட்டத்தின் தாளுக்குப் பணம் கட்டிவிடுவீர்கள். ஹால் டிக்கெட் வந்தவுடன் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்களை ஒத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆலங்குளத்துப் பெண்ணிடம் இந்த நோட்டு இருந்திருந்தால், முதலாண்டின் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் வெள்ளையாக நிற்பது ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கண்ணில் பட்டிருக்கும்.

சேவையும் பயிற்சியும்

ஐந்தாம் பகுதிக்குச் சேரும் அமைப்பை முதலாண்டிலேயே தேர்ந்தெடுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தால் ஆண்டுக்கு 120 மணி என்று இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. முகாம் தேதியில் ஊரில் கொடை வருகிறதா என்று முன்னமே பார்த்து ஆசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது. தேசிய மாணவர் படையில் சேர்ந்து சி சான்றிதழ் வரை போனால் காவல்துறை, ராணுவப் பணிகளுக்குப் பயன்படும். எதில் சேர்ந்தாலும் வருகை ஏட்டில் உங்கள் பெயர் இருப்பதை ஆண்டு முடிவில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குப்பை அள்ளியும் மரம் நட்டும் உழைத்தது ஏட்டில் ஏறாவிட்டால் கிரெடிட்டாக வராது.

உள்ளகப் பயிற்சியை இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் செய்தால், அது ஐந்தாம் செமஸ்டர் கணக்கில் சேரும். வரலாறு படிப்பவர்கள் பாளையங்கோட்டையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தையும், பொருளியல் படிப்பவர்கள் தங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தையும், ஆங்கிலமும் தமிழும் படிப்பவர்கள் நாளிதழ் அலுவலகங்களையும் மார்ச் மாதமே அணுகிக் கடிதம் கொடுத்துவிட வேண்டும். தெரிந்த கடையில் ஒரு சான்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பதினைந்து நாள் பழைய நாணயங்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுதிய மாணவன், நேர்முகத் தேர்வில் அதைப் பற்றிப் பத்து நிமிடம் தயங்காமல் பேசுவான்.

அரியர் விழுந்தால்

முடிவு வந்த நாளிலிருந்து மறுமதிப்பீட்டுக்கும் விடைத்தாள் நகலுக்கும் விண்ணப்பிக்கச் சில நாட்களே கெடு இருக்கும். முதலில் நகலை வாங்கி, அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியரிடம் காட்டி, அவர் மதிப்பெண் கூடும் என்று சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள். கோபத்தில் எல்லாத் தாளுக்கும் கட்டுவது வீண் செலவு. மறுமதிப்பீட்டை நம்பிக்கொண்டு அடுத்த நவம்பர் அல்லது ஏப்ரல் தேர்வுக்குக் கட்டணம் கட்டாமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு, இரண்டையும் செய்யுங்கள்.

அரியர் வைத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதை வீட்டில் மறைப்பவர்கள்தாம் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள், கட்டணம் கேட்க முடியாமல் போவதால். தேர்வுக் கட்டணம் வீட்டில் சண்டை போட்டுக் கேட்கும் அளவுக்குப் பெரிய தொகை அல்ல. அப்பாவிடம் சொல்ல முடியாவிட்டால் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். படிப்பு முடிந்து ஆண்டுகள் கடந்தால் பழைய பாடத்திட்டத்துக்கு வினாத்தாள் எடுப்பது நின்றுபோகும், இணையான புதிய தாளை எழுத வேண்டிவரும், பட்டம் முடிப்பதற்கென்று விதித்த கால வரம்பும் நெருங்கும். கடைசி செமஸ்டரில் ஒரே ஒரு தாள் மட்டும் நின்றுபோனவர்களுக்குச் சில தன்னாட்சிக் கல்லூரிகள் உடனடித் தேர்வு நடத்துகின்றன. உங்கள் கல்லூரியில் அது உண்டா என்று ஆறாம் செமஸ்டர் தொடங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் செமஸ்டரிலும் அதற்குப் பின்னும்

ஜனவரியில் நோட்டைத் திறந்து, ஐந்து பகுதிகளின் கூட்டுத்தொகையையும் ஒருமுறை போட்டு, வகுப்பு ஆசிரியரின் கையொப்பம் வாங்குங்கள். அப்போது ஏதேனும் விடுபட்டிருந்தால் ஏப்ரல் தேர்வோடு சேர்த்து எழுத இன்னும் நேரம் இருக்கும். நூலகத்தில் திருப்பித் தராத புத்தகமும் விடுதிப் பாக்கியும் இல்லையென்ற சான்றை வாங்கிய பிறகே மாற்றுச் சான்றிதழும் நன்னடத்தைச் சான்றிதழும் கிடைக்கும். முடிவு வந்ததும் தற்காலிகச் சான்றிதழும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் வரும். பட்டச் சான்றிதழுக்கு அதன்பின் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பட்டமளிப்பு விழாவுக்கு நேரில் வர முடியாதவர்களும் விண்ணப்பித்தால் பெறலாம். தற்காலிகச் சான்றிதழை வைத்துக்கொண்டே பத்தாண்டு ஓட்டிவிட்டு, வெளிநாட்டு வேலைக்குப் போகும் அவசரத்தில் பட்டச் சான்றிதழைத் தேடி அலைபவர்கள் நம் பக்கத்தில் ஏராளம்.

தமிழ் வழியில் படித்தவர்கள் கல்லூரியை விட்டுப் போவதற்கு முன் முதல்வரிடம் தமிழ்வழிக் கல்விச் சான்றை உரிய படிவத்தில் வாங்கிவிடுங்கள். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பணி நியமனங்களில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பின், பட்டப்படிப்போடு பள்ளிப் படிப்பும் முதல் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்பதால், பள்ளிகளிலும் இதே சான்றை வாங்க வேண்டும். ஆங்கில வழியில் சேர்ந்து தேர்வை மட்டும் தமிழில் எழுதியவர்களுக்கு இது பொருந்தாது.

சான்றிதழ் எது கையில் வந்தாலும் அங்கேயே நின்று பெயரையும் முன்னெழுத்தையும் பிறந்த தேதியையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். சண்முகம் என்ற பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதலாம். மூன்று சான்றிதழில் மூன்று விதமாக இருந்தால் பின்னாளில் நோட்டரி, அரசிதழ் என்று அலைய நேரும். அன்றே காட்டினால் அலுவலகத்தில் திருத்தித் தருவார்கள். பிறகு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும், அரசின் இணையச் சான்றிதழ்ப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் ஏற்றிவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறி வீடுகளுக்குள் புகுந்தபோது, கட்டிலுக்கடியில் தகரப்பெட்டியில் இருந்த சான்றிதழ்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதை, வெயிலில் பாய் விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்த வீடுகள் எத்தனையோ. அசலை மெழுகுத் துணியில் சுற்றிப் பரண்மேல் வையுங்கள். லேமினேட் மட்டும் செய்யாதீர்கள்; பின்பக்கம் முத்திரை வைக்க வேண்டிய இடங்களில் அதைப் பிரிக்க முடியாது.

ஆலங்குளத்து மாணவி நவம்பரில் எழுதிய அந்தத் தாளில் 71 வாங்கினாள். அடுத்த ஆண்டு வந்த அறிவிக்கைக்கு விண்ணப்பிக்க, தற்காலிகச் சான்றிதழை வாங்கிக்கொண்டு துறைக்கு வந்தபோது, தங்கையையும் கூட அழைத்து வந்திருந்தாள். தங்கைக்கு அப்போதுதான் முதலாண்டு பி.ஏ. சேர்க்கை முடிந்திருந்தது. அவள் கையில் புது நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது, அக்காள் கோடு போட்டுக் கொடுத்தது.